சுவருக்கு இரு பக்கத்துக் காதலர்கள்: பேர்லினில் ஒரு நடைச்சுற்றுலா

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பேர்லின் சுவர் நின்ற காலத்தில் கிழக்கிலும் மேற்கிலுமாகப் பிரிந்திருந்த இளம் காதலர்களைப் பற்றிய ஆங்கிலத்தில் நடத்தும் மூன்று மணி நேர நடைச்சுற்றுலா ஒன்றுக்கு மகளோடு போயிருந்தேன். அவள் அந்த நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் ஜேர்மனியின் மேற்கிலுள்ள ரூர் பகுதியிலிருந்து புகையிரதத்தில் வந்து சேர்ந்தவன். ஒருவருக்கு 24 யூரோ, மாணவருக்கு 18. நடத்துவது ஒரு சிறிய நிறுவனம். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பேர்லினில் இவ்வகை நடைகளை நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் சொல்லும் இடங்கள் எல்லாவற்றுக்கும் வழிகாட்டி இல்லாமலேயே போகவும் முடியும்.

நடை தொடங்குமிடம் அலெக்சாண்டர் சதுக்கத்தில் 1969-ல் நிறுவப்பட்ட உலகக் கடிகாரம். இன்றைக்கும் பேர்லின் இளையோர் ஒருவரையொருவர் சந்திக்கச் சொல்லும் இடம் அதுதான். குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோரும் வந்து சேரும் வரை மகள் அந்தக் கடிகாரத்தைச் சுற்றிவந்து கனடாவின் நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வழிகாட்டி அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. கிழக்குப் பேர்லினில் பிறந்து வளர்ந்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார், ஆனால் தம் சொந்தக் கதையைக் கடைசிவரை விற்பனைக்கு வைக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. 1973-ல் இதே சதுக்கத்தைச் சுற்றி நடந்த உலக இளைஞர் விழாவிலிருந்து அவர் கதையைத் தொடங்கினார். ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 5 வரை நடந்த அந்த விழாவுக்கு 140 நாடுகளிலிருந்து 25,000-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு இளைஞர்கள் வந்தார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்தும் குழுக்கள் வந்தன. சுவர் எழுந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே புல்தரையில் இரவிரவாக அமர்ந்து அரசியல் பேசவும் கிற்றார் வாசிக்கவும் அரசே இடம் கொடுத்த ஒன்பது நாட்கள் அவை. சோசலிசத்தின் பெருமையைக் காட்டுவதற்காகக் கூட்டிய கூட்டத்தில் எத்தனை பேர் முகவரிகளை மாற்றிக்கொண்டார்கள் என்பதை எந்தக் கட்சிக் கணக்கிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்த நடையின் பலம், தூரம் என்பதை எப்படி உண்டாக்குவது என்று ஒவ்வொரு படியாகக் காட்டுவது. பேர்லினில் காதலர்களுக்கு நடுவே இருந்த தூரம் மைல் கணக்கில் ஒன்றுமில்லை. மிதிவண்டியில் கால்மணி நேரத்தில் போய்விடலாம். அந்தக் கால்மணி நேரத்தைத்தான் ஆண்டுக்கணக்காக நீட்டியிருக்கிறார்கள். 1952-லேயே இரு பாதிகளுக்கும் இடையிலான தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. 1971 ஜனவரியில் மீண்டும் இணைத்தபோது முழு நகரத்துக்கும் கொடுக்கப்பட்டவை பத்தே பத்து இணைப்புகள். 1961 ஆகஸ்ட் 13-ல் சுவர் எழுந்தபின், மேற்குப் பேர்லின்காரர் கிழக்கே கால்வைக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். 1963 நத்தாரை ஒட்டி அனுமதிச்சீட்டு கொடுத்தபோதும் அது உறவினரைப் பார்ப்பதற்கு மட்டுமே. அத்தை, மாமா என்றால் போகலாம்; காதலி என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? கிழக்கிலிருந்து மேற்கே போகும் வழியும் 1964-ல் திறந்தது, ஆனால் ஓய்வூதியக்காரருக்கு. பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65 வயதாக வேண்டும். இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் காதலனின் அறையை ஒரு தடவை பார்க்க விரும்பினால், விதிப்படி அவள் காத்திருக்க வேண்டியது நாற்பது ஆண்டுகள்.

"அப்பா, இவ்வளவு கிட்ட இருந்துமா பார்க்க ஏலாமல் போனது?" என்று மகள் என் காதோடு கேட்டாள். பதில் சொல்லுமுன் வழிகாட்டி நடக்கத் தொடங்கிவிட்டார்.

எழுபதுகளில் நிலைமை தளர்ந்து, மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒருநாள் விசா ஓரளவு எளிதாகக் கிடைத்தது. அதற்கும் விலை இருந்தது. எல்லையைத் தாண்டும் ஒவ்வொருவரும் மேற்கு ஜேர்மன் மார்க்கைக் கிழக்கு மார்க்காக ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டாயம் மாற்ற வேண்டும். கிழக்குப் பேர்லினுக்கான தொகை 6.50 மார்க்காக இருந்து, 1980 அக்டோபரில் ஒரே தாவலில் 25 மார்க் ஆனது. மீதியைத் திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. கிழமைக்கு ஒரு தடவை காதலியைப் பார்க்க வந்த மாணவனுக்கு மாதம் 100 மார்க் என்று வைத்துக்கொண்டால், காதல் அவனுக்கு இரண்டாவது வாடகை. அது போதாதென்று நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். எந்தச் சினிமாவுக்குப் போனாலும், யாருடைய பிறந்தநாள் என்றாலும், பன்னிரண்டு மணிக்குள் பிரீட்ரிக் வீதி நிலையத்தில் நிற்க வேண்டும்.

சதுக்கத்திலிருந்து அந்த நிலையத்துக்கு நகரப் புகையிரதத்தில் போனோம். பயணச்சீட்டு கட்டணத்தில் அடங்காது. இதை முன்பதிவுப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கலாம். நிலையத்தின் அருகே, ஸ்பிரே ஆற்றுப் பக்கமாக நிற்கும் கண்ணாடி மண்டபத்தைத்தான் பேர்லின் மக்கள் கண்ணீர் மாளிகை என்கிறார்கள். 1962-ல் கட்டப்பட்ட இது, கிழக்கை விட்டு மேற்கே போகிறவர்களுக்கான வெளியேறும் மண்டபம். மேற்கிலிருந்து வந்தவர் உள்ளே போவார். கிழக்கில் இருப்பவர் வாசலோடு நின்றுவிடுவார். அழுகை எல்லாம் அந்த வாசலில்தான். 1990 ஜூலையில் எல்லைச் சோதனை முடிந்தபின் இந்த மண்டபம் நெடுங்காலம் இசை நிகழ்ச்சிகள் நடக்கும் இடமாக இருந்து, 2011 செப்டெம்பரில் அருங்காட்சியகமானது. நுழைவு இலவசம். ஆக, நடைச்சுற்றுலாவின் நடுவில் உள்ள மிகச் சிறந்த நாற்பது நிமிடங்களுக்கு யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாற்பது நிமிடங்களில் பாதியை நான் ஒரே இடத்தில் செலவழித்தேன். கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டுகள் அங்கே பழையபடியே இருக்கின்றன. கூண்டு என்பது ஒரு ஒடுங்கிய பாதை. எதிரே ஒருவர் வந்தால் விலக இடமிருக்காது. ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதிகாரியின் இருக்கை, நிற்பவரைவிடச் சற்று உயரத்தில். நிற்பவரின் முதுகுப்புறம், தலைக்கு மேலே, சரித்து வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி. அதிகாரி முன்னாலும் பார்க்கலாம், பின்னாலும் பார்க்கலாம். நிற்பவருக்கு அவருடைய முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. கடவுச்சீட்டுப் படத்தோடு ஒப்பிடக் காதை மறைக்கும் முடியை ஒதுக்கச் சொல்வார்களாம், ஏனென்றால் முகம் மாறினாலும் காதின் வடிவம் மாறாது. மறுமுனையில் உள்ள கதவு அதிகாரி பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். மகள் உள்ளே போய் நின்று, அனிச்சையாகத் தன் முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். இப்போது அந்தக் கூண்டில் எந்த அதிகாரியும் இல்லை.

இதை எழுதுகிற எனக்கும் அந்த நிலையத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1984-ல் இலங்கையிலிருந்து விமானத்தில் கிழக்குப் பேர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இதே பிரீட்ரிக் வீதி வழியாக மேற்கே போன தமிழ்ப் பொடியன்களில் நானும் ஒருவன். மேற்கு அந்தக் கோட்டைச் சர்வதேச எல்லையாக ஏற்காததால் மறுபக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. எங்களுக்கு அது ஒரு கதவு. மறு ஆண்டே, மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலால், மேற்கொண்டு செல்ல விசா இல்லாத தமிழரைக் கிழக்கு ஜேர்மனி அவ்வழியே விடுவதை நிறுத்திக்கொண்டது. அன்று வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பொது இடத்தில் இப்படித்தான் போலும் என்று நினைத்தேன். கையில் ஒரு தோல்பை, அதற்குள் ஒரு சுவெற்றர். அவர்களில் ஒருவர் உள்ளே வர முடியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இனி நடையின் குறை. தூரத்தை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறவர்கள், அந்தக் காதலர்கள் இருவேறு அரசியலில் வளர்ந்தவர்கள் என்பதை ஏறத்தாழ மறந்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் "இரு அரசியல் உலகங்கள், ஒரு காதல்" என்ற பொருளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. நடையிலோ, இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனது போலவும், நடுவே நின்றது கொங்கிறீற்று மட்டும் போலவும் கதை ஓடுகிறது. அரசியல் என்று வந்த ஒரே பகுதி, மேற்கு ஜேர்மனியின் அன்றைய தலைநகரான பொன் (Bonn) நகரத்து அரச அலுவலகங்களில் வேலை செய்த பெண் செயலாளர்களைக் காதலித்து இரகசியங்களைக் கறக்கக் கிழக்கு உளவுத்துறை அனுப்பிய ஆண் உளவாளிகளின் கதை. மார்க்குஸ் வோல்ஃப் தலைமையில் அப்படி நடந்தது உண்மைதான், கேட்கவும் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காதல் அல்ல, தொழில். இளையோரின் கதையும் அல்ல. அதற்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஒதுக்கியதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒதுக்கியிருக்க வேண்டியது வேறு விடயத்துக்கு. கிழக்குப் பெண் பதினான்கு வயதில் அரசுக்கு உறுதிமொழி எடுத்தவள், நீலச் சட்டை போட்ட இளைஞர் அமைப்பில் இருந்தவள், பல்கலைக்கழகத்துக்குப் போனால் எந்தத் துறையானாலும் மார்க்சிய-லெனினியத்தைக் கட்டாய பாடமாகப் படித்தவள். அவளைப் பார்க்க வரும் மேற்குப் பையன் பெரும்பாலும் இடதுசாரி. வியட்நாம் போருக்கு எதிராக ஊர்வலம் போயிருப்பான், அல்லது அப்படிப் போனவர்களின் அறையில் குடியிருப்பான். அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நேச நாடுகளின் ஆட்சியில் இருந்த மேற்குப் பேர்லின் வாசிகளுக்குக் கட்டாய இராணுவ சேவை கிடையாது; துப்பாக்கி தூக்க விரும்பாத மேற்கு ஜேர்மன் இளைஞர்கள் அதற்காகவே அங்கே குடிவந்தார்கள். அப்படி வந்தவன், காதலியின் வீட்டில், பதினெட்டு மாதச் சேவைக்குச் சீருடை போட்டுக்கொண்டு நிற்கும் அவளுடைய தமையனுக்கு எதிரே அமர்ந்து சமாதானத்தைப் பற்றிப் பேசியிருப்பான். அந்தச் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு நிறுத்தத்திலாவது சொல்லியிருக்க வேண்டாமா?

கட்டாயமாக மாற்றிய 25 மார்க்கை என்ன செய்தார்கள் என்பதிலேயே இந்த வேறுபாடு முழுதும் இருக்கிறது. கிழக்கில் புத்தகம் மலிவு. மேற்கு மாணவர்கள் அந்தக் காசில் மார்க்ஸ்-எங்கெல்ஸ் நூல்தொகுதியை, நீல மட்டைபோட்ட அந்தப் பருத்த புத்தகங்களை, ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போனார்கள். மேற்குப் பேர்லின் வாடகை அறைகளில் அந்த நீல வரிசை ஒரு காலத்து அடையாளமாகவே இருந்தது. காதலிக்கு அவன் கொண்டுவந்ததோ ஜீன்சும் கோப்பியும். அவன் ஆசையோடு வாங்கிச் சென்றது அவளுக்குச் சோதனைக்காக மனனம் செய்த பாடம். அவள் ஆசைப்பட்டது அவனுக்கு முதலாளியத்தின் குப்பை. இருவரும் மற்றவரின் நாட்டைத் தங்கள் வீட்டுக் கோபத்திலிருந்து பார்த்தார்கள். அவனுடைய இடதுசாரித்தனம் அவனுக்கும் சும்மா கிடைக்கவில்லை: 1972 ஜனவரியில் மேற்கு ஜேர்மனி கொண்டுவந்த தீர்மானத்தின்படி, அரசியலமைப்புக்கு விசுவாசமற்றவர் என்று சந்தேகிக்கப்பட்டவர் ஆசிரியராகவோ அஞ்சல் ஊழியராகவோகூட ஆக முடியாமல் போகலாம். அவளுடைய தரப்பில், மேற்குக் காதலன் இருப்பது தெரிந்தாலே படிப்புக்கும் பதவிக்கும் ஆபத்து. ஆக, ஒருவரையொருவர் நேசித்ததற்காக இருவரும் தத்தம் அரசின் சந்தேகத்தில் விழக்கூடியவர்கள், ஆனால் எதிரெதிர்க் காரணங்களுக்காக. இதைவிடச் சுவையான காதல் கதை எந்த நகரத்தில் கிடைக்கும்?

கடிதங்களைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸான ஸ்டாசி நிறுவனத்தில் அஞ்சலுக்கென்றே இருந்த பிரிவு நாளொன்றுக்குச் சுமார் 90,000 கடிதங்களை ஆவியில் காட்டித் திறந்து, வாசித்து, மறுபடி ஒட்டி அனுப்பியது. மூன்றாவது ஆள் வாசிக்கிறான் என்று தெரிந்துகொண்டே எழுதும் காதல் கடிதத்தில் மொழி என்னவாகும் என்ற கேள்வியை வழிகாட்டி எழுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவிலிருந்த இளையோர் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கையிலும் கைத்தொலைபேசி இருந்தது. கோடையில் ஹங்கேரியின் பாலத்தோன் ஏரிக் கரையில் இரு பக்கத்தாரும் விடுமுறைக்குச் சந்தித்ததையும், திருமணம் செய்து வெளியேற விண்ணப்பித்தவர்கள் வேலை இழந்ததையும், கிழக்கு, மேற்கு நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட 1975 ஹெல்சிங்கி உடன்படிக்கையில் வெவ்வேறு நாட்டவரின் திருமணத்தைப் பற்றிய வாசகம் இருந்ததைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மனுமேல் மனு எழுதியதையும் விரைவாகச் சொல்லிக்கொண்டு போனார். ஹெல்சிங்கியில் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம்.

கடைசி நிறுத்தம் போர்ன்ஹோல்மர் வீதிப் பாலம். பிரீட்ரிக் வீதியிலிருந்து வடக்கே மறுபடியும் புகையிரதம். 1989 நவம்பர் 9 அன்று இரவு பதினொன்றரை மணியளவில் முதன்முதலாகத் திறந்துவிடப்பட்ட எல்லைச் சாவடி இதுதான். இரும்புப் பாலத்தின் அருகே, பழைய எல்லைத் தடத்தில், ஜப்பானியர் நன்கொடையாகக் கொடுத்த செர்ரி மரங்கள் நிற்கின்றன. ஏப்ரல் கடைசியில் நடைபாதை முழுக்க இளஞ்சிவப்பு இதழ்கள். படம் எடுக்க வந்தவர்களின் நெரிசலில் வழிகாட்டியின் குரல் பாதிதான் கேட்டது. பெரிய குழுவுக்குக் காதில் மாட்டும் கருவி கொடுக்கிறார்கள், எங்களுக்குக் கொடுக்கவில்லை. சுவர் திறந்தபின் அந்தக் காதலர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவர் கேட்டார். சிலர் மணந்தார்கள், பலர் பிரிந்தார்கள் என்று பொதுவாக ஒரு பதில் வந்தது. அத்தோடு ஆங்கில நடை முடிந்தது.

மகள் அவரிடம் தனியே போய் ஜேர்மன் மொழியில் கேட்டாள்: பிரிந்தவர்கள் எதற்காகப் பிரிந்தார்கள்? அவர் பையை மூடிக்கொண்டே ஐந்து நிமிடம் நின்று கதைத்தார். எல்லை இருந்தவரை சண்டை பிடிக்க நேரமே இருக்கவில்லை என்றார். நள்ளிரவுக்குள் போக வேண்டிய ஒருவரோடு யார் அரசியல் வாதிடுவார்கள்? ஒரே வீட்டில் குடியேறி, தேர்தலில் வாக்களித்து, செய்திகளைச் சேர்ந்து பார்க்கத் தொடங்கிய பின்னர்தான் பல பேருக்கு மற்றவர் யார் என்று தெரிந்தது என்றார். மூன்று மணி நேரத்தில் நான் கேட்க விரும்பியது அந்த ஐந்து நிமிடத்தில் இருந்தது. ஏன் இதை எல்லோருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சியான முடிவைக் கேட்டுத்தான் பணம் கொடுக்கிறார்கள், நிறுவனம் எழுதித்தந்த ஒழுங்கு அப்படி என்றார். ஜேர்மன் மொழி நடையில் கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்குகிறார்களாம், உளவாளிக் கதையும் அதில் சுருக்கமாம்.

ஆகவே மொழி ஓரளவு விளங்குமென்றால் ஜேர்மன் நடையையே தெரிவுசெய்யுங்கள், விலை ஒன்றுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள், 24 யூரோவை மிச்சம்பிடித்து, கண்ணீர் மாளிகைக்கு நேராகப் போய்விடலாம். திங்கட்கிழமை பூட்டியிருக்கும். வார நாட்களில் காலையில் பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், கூண்டுக்குள் தனியே நிற்க வேண்டுமென்றால் மாலையில் போங்கள். நடைக்குப் போகிறவர்கள் நல்ல சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். போர்ன்ஹோல்மர் பாலத்தில் இருக்க இடமுமில்லை, கழிப்பறையுமில்லை.